மணியின் காலில் மர்மப் புண்!

"ஏனுங்க டாக்டர், நாய்க்கெல்லாம் நீங்க மருந்து சொல்லுவீங்களா?"

போனில் கேட்ட அந்த அம்மிணி எனக்குப் பல வருஷப் பழக்கம். திருப்பூரில் அனுப்பர்பாளையம் பக்கம் குடியிருப்பு. மாடியில் வீடு. கீழே பத்து மிஷின் போட்டு, குழந்தைகள் ஜட்டி தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட். வீட்டுக்காரருக்கு மூட்டு வலி, மாமியாருக்குச் சர்க்கரை என்று எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். இந்தத் தடவை நோயாளி, அவர்கள் வீட்டு மணி. நான்கு வயசு நாட்டு நாய்.

"முன்னங்கால்ல புண்ணுங்க. எப்படி வந்துச்சுன்னே தெரியலீங்க. கடிச்ச தடமும் இல்ல, ஆணி குத்துன தடமும் இல்ல. பெத்த புள்ளையாட்ட வளர்த்தறோம். பார்க்கவே பாவமா இருக்குது."

கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு படமும் வந்தது. பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே, கட்டைவிரல் அகலத்துக்கு, ஈரமாகச் சிவந்த ஒரு புண். தீபாவளிக்கு முந்தின மாதம், கிளினிக்கில் நல்ல கூட்டம். "சின்னப் புண்ணுதான் அம்மிணி. உப்புத் தண்ணியில கழுவிட்டு, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைச்சுத் தடவுங்க. ஆறிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

நான் செய்த தப்பு அதுதான். அந்தத் தப்பிலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களுக்குப் பாடமாகச் சொல்லப்போகிறேன்.

மூன்று வாரம், ஏழு மருந்து

முதல் வாரம் புண் மேலே காய்ந்த மாதிரி இருந்ததாம். எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாவது வாரம் மறுபடியும் வெடித்துவிட்டது. அதற்கப்புறம் ஆளுக்கொரு காரணம், ஆளுக்கொரு மருந்து! "சாயத் தண்ணியில இறங்கியிருக்கும்" என்றார் ஒருவர். "யாரோ ஆசிட் ஊத்திட்டாங்க" என்றார் இன்னொருவர். "நாய்க்கும் சர்க்கரை வந்திருக்கும், ஆறாத புண்ணாச்சே" என்றது மாமியாரம்மா. டியூப் மருந்து, பவுடர், நீல மருந்து, தேங்காயெண்ணெயில் கற்பூரம்... இப்படி ஏழு வகை மருந்து போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

மூன்றாவது வாரம் மணி காலைத் தரையில் ஊன்றவில்லை. சோறும் இறங்கவில்லை. ஆட்டோவில் போட்டு என் கிளினிக் வாசலுக்கே கொண்டு வந்துவிட்டார்கள்.

சித்த மருத்துவத்தில் எங்களுக்கு முதல் பாடமே 'எண்வகைத் தேர்வு'தான். நாடி, தொடு உணர்வு, நாக்கு, நிறம், மொழி, விழி, மலம், நீர் என்று எட்டையும் பார்த்துவிட்டுத்தான் நோயைக் கணிக்க வேண்டும். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் பேராசிரியர்கள் இதைத் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். எட்டில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஒரு போட்டோவைப் பார்த்து மருந்து சொன்னவன் நான்! நாய்க்கு 'மொழி' கிடையாது என்பதும் உண்மை. அப்படியென்றால் மற்ற ஏழையும் இன்னும் கவனமாக அல்லவா பார்த்திருக்க வேண்டும்?

வாயைத் துணியால் மெல்லக் கட்டச் சொல்லிவிட்டு, காலைத் தொட்டுப் பார்த்தேன். பாதம் பன் மாதிரி வீங்கியிருந்தது. புண்ணுக்கு மேலே கால் கதகதப்பாக இருந்தது. புண்ணுக்குக் கீழே விரல்கள் சில்லிட்டிருந்தன. முடியை ஒதுக்கி, காலைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் புண்! இரண்டு பக்கமும் புண்ணில்லை. காலைச் சுற்றி வளையமாக ஒரே கோட்டில் ஒரே புண்.

யாரோ அளவெடுத்துக் கோடு போட்ட மாதிரி சுற்றி வரும் புண் தானாக வராது. உள்ளே ஏதோ இறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. படத்தில் தெரிந்தது காலின் முன்பக்கம் மட்டும். போட்டோவுக்குப் பின்பக்கம் கிடையாதே!

உள்ளே இருந்தது என்ன?

நான் கத்தியைத் தொடவில்லை. நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கப் படித்தவன். விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்க, 1984-ம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவுபெற்ற கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆட்டோவிலேயே கால்நடை மருத்துவமனைக்கு அனுப்பினேன். நானும் பின்னாலேயே போனேன்.

மயக்க ஊசி போட்டு, முடியை மழித்து, புண்ணைக் கழுவி, உள்ளே இடுக்கியை விட்டார் டாக்டர். வெளியே வந்தது ஓர் எலாஸ்டிக் வளையம்! குழந்தைகள் ஜட்டியின் கால் பகுதிக்கு வைத்துத் தைக்கிற மெல்லிய எலாஸ்டிக். ரிஜெக்ட் ஆகி வேஸ்ட் மூட்டையில் கிடந்தது.

அது மணியின் காலுக்கு எப்படிப் போனது? வீட்டுக்குத் திரும்பியதும் விடை கிடைத்தது. "நான்தான் மணிக்கு வளையல் போட்டுவிட்டேன்" என்றாள் ஐந்து வயசுப் பேத்தி. ஆசையாகப் போட்டிருக்கிறாள். முடிக்குள் மறைந்துபோனதால் யாரும் கவனிக்கவில்லை. அந்தக் குழந்தையைத் திட்டவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். போட்டோவை மட்டும் பார்த்து மருந்து சொன்ன பெரியவனை யாரும் திட்டவில்லையே!

மணி பிழைத்தது. கால் தப்பியது. ஆனால், ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. முதல் நாளே காலைத் திருப்பிப் பார்த்திருந்தால் அந்த விரலும் தப்பியிருக்கும்.

எலாஸ்டிக் எப்படி அறுக்கிறது?

இறுக்கமான வளையம் முதலில் அமுக்குவது மேலாக ஓடும் சிரைகளை. கீழிருந்து ரத்தம் மேலே திரும்ப முடியாமல் பாதம் வீங்குகிறது. வீங்க வீங்க வளையம் இன்னும் இறுகும். இறுகிய இடத்தில் தோல் வெடித்துப் புண்ணாகும். வளையம் மெதுவாகச் சதைக்குள் இறங்கும். மேலே தோல் மூட ஆரம்பிக்கும். நாமோ, "ஆறுது" என்று சந்தோஷப்படுவோம்! கடைசியில் தமனியும் அடைபட்டால், அதற்குக் கீழே உள்ள பகுதி அழுகிவிடும்.

உடம்புக்குள் தங்கிவிட்ட முள், அம்பு முனை போன்ற அந்நியப் பொருளைப் பழைய வைத்திய நூல்கள் 'சல்லியம்' என்று சொல்கின்றன. சல்லியம் உள்ளே இருக்கும்வரை எந்தக் களிம்பாலும் விரணம் ஆறாது. எடுத்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

மஞ்சளுக்குப் புண் ஆற்றும் குணம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1995-ல் அமெரிக்காவில் இதற்கே காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம், 'இது எங்கள் பாட்டிமார்களுக்கே தெரிந்த விஷயம்' என்று பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டி வாதாடி, 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. அப்பேர்ப்பட்ட மஞ்சள்கூட எலாஸ்டிக்கை அறுக்காது அல்லவா?

புண்ணைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

மர்மப் புண் என்று நாம் சொல்வது பெரும்பாலும் சரியாகப் பார்க்காத புண்தான். நல்ல வெளிச்சத்தில், முடியை ஒதுக்கி, எல்லாப் பக்கமும் பாருங்கள்.

*வளையமாகச் சுற்றி வந்தால்:* நூல், ரப்பர் பேண்ட், எலாஸ்டிக். கழுத்தைச் சுற்றி இருந்தால், குட்டியாக இருந்தபோது கட்டிய பட்டை, நாய் வளர்ந்த பிறகும் தளர்த்தாமல் சதைக்குள் இறங்கியிருக்கலாம்.

*சின்னத் துளை, சுற்றிலும் வீக்கம், சீழ்:* வேறு நாய் கடித்த பல் தடமாக இருக்கலாம். வெளியே துளை சிறிசு, உள்ளே சேதம் பெரிசு. முள்ளோ, உடைந்த மிஷின் ஊசியோ உள்ளே இருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

*துளைக்குள் நெளிவு, கெட்ட வாடை:* ஈப்புழு. ஒருவகை ஈ ஒரே தடவையில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளைப் புண் ஓரத்தில் இடும். ஒரு நாளைக்குள் பொரிந்து, புழுக்கள் உயிருள்ள சதையைத் தின்றுகொண்டே உள்ளே இறங்கும். மழைக்காலத்தில் சின்னக் கீறலைக்கூட அலட்சியம் செய்யக்கூடாது.

*ராத்திரி இல்லை, காலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரப் புண்:* தெள்ளுப்பூச்சி, உண்ணி, காதுவலி ஏதோ ஒன்றால் அரிப்பெடுத்து, நாய் தானே கடித்துக் கடித்து உண்டாக்கியது. அரிப்புக்குக் காரணத்தைத் தேட வேண்டும்.

*முடி உதிர்ந்து, தோல் தடித்து, ஓயாத சொறி:* சொறிப்பூச்சி. இதில் ஒரு வகை மனிதர்களுக்கும் தொற்றும். வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரையாக இருக்கலாம். அதுவும் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளும்.

*கட்டியின் மேலே உடைந்த புண், மூன்று வாரமாகியும் ஆறவில்லை:* புற்றுநோயா என்று சோதிக்க வேண்டும். இனப்பெருக்க உறுப்பில் ரத்தம் கசியும் கட்டி, நாய்க்கு நாய் தொற்றுகிற ஒருவகைப் புற்று. பயப்படாதீர்கள். வாரம் ஒரு ஊசி வீதம் சில வாரம் போட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியது

1. முதலில் நாயின் வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். வலியில் இருக்கும் நாய் எஜமானையும் கடிக்கும். மூச்சுத் திணறினாலோ, வாந்தி எடுத்தாலோ வாயைக் கட்டக்கூடாது.

2. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கையில் வெட்டுக்காயம் இருந்தால் வேறு ஆளை விடுங்கள்.

3. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு கரைத்து, அந்தத் தண்ணீரால் புண்ணைக் கழுவுங்கள்.

4. நக்கவிடாதீர்கள். "நாய் நக்கியே ஆத்திக்கும்" என்பது பாதி உண்மைதான். நாக்கின் சொரசொரப்பு புதுத் தோலைக் கிழிக்கும். எச்சிலில் கிருமியும் உண்டு. கழுத்தில் புனல் மாதிரி அட்டை மாட்டலாம். உடம்பில் புண் என்றால் பழைய பனியனை மாட்டிவிடுங்கள். திருப்பூரில் பனியனுக்கா பஞ்சம்?

5. அன்றைக்கோ, மறுநாளோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நம் மாவட்டத்தில் உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வீக்கம், சில்லிட்ட பாதம், புழு, நாற்றம் இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

செய்யவே கூடாதவை

மண்ணெண்ணெய், பினாயில், அந்துருண்டை, பீடி இலைத் தூள் எதுவும் புண்ணில் படக்கூடாது. புழு சாகிறதோ இல்லையோ, நாய்க்கு விஷம் ஏறும்.

என் துறை மருந்தையே சொல்கிறேன். ஆறாத புண்ணுக்கு நாங்கள் மனிதர்களுக்கு வெளிப்பூச்சாகக் கொடுக்கிற மத்தன் தைலம் நல்ல மருந்துதான். ஆனால் அதில் இருப்பது ஊமத்தை இலைச் சாறும் துரிசும். மனிதர் நக்கமாட்டார், நாய் நக்கும்! வாந்தி, கண்மணி விரிதல், மயக்கம் என்று விபரீதமாகும். அலமாரியில் இருக்கிறதே என்று எடுத்துத் தடவிவிடாதீர்கள்.

மாட்டுக் காணை நோய்ப் புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, மருதாணி, துளசி, மஞ்சள், பூண்டு எல்லாம் அரைத்து எண்ணெயில் காய்ச்சிப் போடும் மரபு மருந்து நம் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். மாட்டுக்கு அது சரி. நாய்க்கு வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களைக் கெடுக்கும். கற்பூரமும் ஆகாது. மாட்டுக்கு ஒத்துக்கொண்டது நாய்க்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்கக்கூடாது.

வலிக்கிறதே என்று நம் வலி மாத்திரையைக் கொடுப்பதும் தப்பு. பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாமே நாயின் ஈரலையோ, இரைப்பையையோ, சிறுநீரகத்தையோ கெடுக்கக்கூடியவை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளையே கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அதனால்தான் 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள்.

நூல் விஷயத்தில் இன்னொன்று. நாயோ பூனையோ நூலை விழுங்கி, வாயிலோ ஆசனவாயிலோ நுனி தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே குடலைச் சுருக்கி, ரம்பம் மாதிரி அறுத்துவிடும். அப்படியே டாக்டரிடம் கொண்டு போங்கள்.

குழந்தையின் கால்விரலைப் பாருங்கள்

மணியின் கதையை நாய் வளர்க்காதவர்களும் படிக்க வேண்டும் என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கும் இதே ஆபத்து உண்டு.

பிரசவமாகி மூன்று, நான்கு மாதத்தில் தாய்மார்களுக்கு முடி கொத்துக் கொத்தாக உதிரும். அதில் ஒரு முடி குழந்தையின் கால்விரலிலோ, கைவிரலிலோ, ஆண்குறியிலோ சுற்றிக்கொண்டால் போதும். சாக்ஸுக்குள், கையுறைக்குள் இருக்கும் நூல் பிசிறும் அப்படித்தான். குழந்தை வீறிட்டு அழும். "உரம் விழுந்திருக்கு, வயித்து வலி" என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்போம். விரல் சிவந்து, வீங்கி, கறுத்த பிறகுதான் தெரியும்.

பால் குடித்தும், துணி மாற்றியும் அழுகை நிற்காத குழந்தையை, ஒரு நூல்கூட இல்லாமல் அவிழ்த்துப் போட்டு, பத்து விரல் பத்து விரலாகப் பாருங்கள். சாக்ஸ் போடும் முன் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பிசிறை வெட்டுங்கள். பிசிறு வெட்டத் திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டுமா, என்ன?

காரணம் தெரியாத புண் என்றால் ரேபிஸும் நினைவில் வரட்டும்

மணி விஷயத்தில் எலாஸ்டிக். எல்லா வீட்டிலும் அப்படி இருக்காது. காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் தெருநாய்கள் ஆடுகளைக் கடித்துக் குதறி, இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடியதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். நம் வீட்டு நாயை ராத்திரியில் எந்த நாய் கடித்தது என்று யாருக்குத் தெரியும்? காரணம் தெரியாத காயம் என்றால், டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது, வெறிநோய்த் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதைத்தான். குட்டிக்கு மூன்று மாதத்தில் தொடங்கி, டாக்டர் சொல்லும் தேதிகளில், வருஷா வருஷம் தவறாமல் போட்டுவிடுங்கள்.

மருந்து போடும்போது நாய் உங்களைக் கடித்தாலோ, பிறாண்டினாலோ, உங்கள் காயத்தை நக்கினாலோ, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் எதையும் வைக்காதீர்கள். நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டியர் நிலையம் நமக்குப் பக்கத்து மலையில்தான் இருக்கிறது. அந்தக் காலத்துத் தொப்புளைச் சுற்றிப் போடும் பதினாலு ஊசி இப்போது கிடையாது. கையில் போடும் சில ஊசிகளோடு சரி. காயம் ஆழமாக இருந்தால் காயத்திலேயே போடும் ஊசி ஒன்றும் உண்டு. நோய் வெளியே தெரிந்த பிறகு எந்த வைத்தியத்திலும் காப்பாற்ற முடிவதில்லை. சித்த வைத்தியன் சொல்கிறேன், இதற்கு என்னிடம் வராதீர்கள். ஊசி போடப் போங்கள்.

இப்போது மணி...

மூன்று விரல் ஊன்றி ஜம்மென்று ஓடுகிறது. யூனிட்டில் வேஸ்ட் மூட்டைகளை வாய் கட்டி, தனியறையில் பூட்டி வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தப் பேத்தி மணியைப் படுக்க வைத்து, நாலு காலையும் தூக்கித் திருப்பிப் பார்த்து, "ஒண்ணுமில்ல தாத்தா" என்று எனக்குப் போனில் ரிப்போர்ட் கொடுக்கிறாள்!

இப்போதெல்லாம் யாராவது எனக்குப் புண்ணின் படத்தை அனுப்பினால், நாய்க்கானாலும் சரி, மனிதருக்கானாலும் சரி, நான் மருந்து சொல்வதில்லை. "நேர்ல கூட்டிட்டு வாங்க, பின்பக்கமும் பார்க்கணும்" என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா? இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நாலு காலையும் தடவிப் பாருங்கள். வாயில்லா ஜீவன், அது சொல்லாது, நாம்தான் பார்க்க வேண்டும்.